வலது கைக்கு ஒரு பாட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து மன்றத்தின் விதி ஒன்பது: உறுப்பினர் எழுத்து மூலம் கேட்கும் புத்தகம் குறித்துப் பதினான்கு நாட்களுக்குள் பதில் தரவேண்டும். தோட்டத்து எழுத்தராக, அதாவது கிராணியாக, இருந்த காலத்தில் விதிகள் அத்தனையையும் எழுதி, துரையிடம் கையெழுத்து வாங்கிச் சுவரில் ஒட்டியவன் நான்தான்.

பொங்கல் முடிந்த வாரம் என் மனைவிக்குப் பக்கவாதம். தொழிலாளர் லயத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்த வலது கை சுருண்டுகொண்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள்: "விரல் ஒவ்வொண்ணா அசையணும் ஆன்ட்டி. பியானோ வாசிச்சா நல்லது. முதல் ஆறு மாசம்தான் முக்கியம்."

மன்றத்தில் பழைய துரை விட்டுப்போன பியானோ இருந்தது. கூடவே, அவர் பிள்ளைகள் பழகிய புத்தகங்கள். எல்லாம் வாத்து, பனி என்று ஆங்கிலக் குழந்தைப் பாட்டுகள்தான்.

"நான் என்னா பாலர் பள்ளிப் பிள்ளையாங்க? ரேடியோவுல கேட்ட பாட்டு ஒண்ணாவது கிடைக்காதா?" என்றாள் மனைவி.

கைப்பேசியில் தேடினேன். 'தொடக்கநிலை' என்று போட்டிருந்தவை முதல் பக்கத்தைக் காட்டிவிட்டுக் கடன் அட்டை எண்ணைக் கேட்டன. இலவசமாகக் கிடைத்த ஒன்றை வாசிக்க நல்ல கைகளே நான்கு வேண்டும். ஆகவே மன்றத்துக்கு இரண்டு பிரதிகளில் மனு எழுதினேன்: தமிழ்ச் சினிமாப் பாட்டுகள், வலது கைக்கு மட்டும், புத்தகம் ஒன்று.

பதினான்கு நாள் கழிந்தது. நினைவூட்டல் கொடுத்தேன். பிறகு செயலாளரையே பிடித்தேன்.

"கமிட்டி கூடணும்லா, கிராணி ஐயா. ஆள் சேரல."

"விதி ஒன்பதில் கமிட்டியே கிடையாது."

"பன்னெண்டுல இருக்கே ஐயா. நீங்க எழுதினதுதான்."

இருந்தது.

கோலாலம்பூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். "ஈப்போவுல ஒரு பியானோ டீச்சர் இருக்காங்கப்பா. பாட்டு பேரச் சொன்னா, ஒரு கைக்கு நோட்ஸ் எழுதித் தருவாங்களாம். சொல்லிடவா?"

"மனு நிலுவையில இருக்கு. பதில் வரட்டும்."

"அம்மா கை என்ன ஃபைலாப்பா?"

போனை வைத்துவிட்டேன். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் கேட்டவர்களின் மனுக்களைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பியே தலை நரைத்தவன் நான். அந்தப் புத்தி ஓய்வூதியத்தோடு ஓய்வு பெறவில்லை.

மனைவி இரண்டு மாதம் மன்றத்துக்குப் போய் வாத்துப் பாட்டை வாசித்தாள். பிறகு, "குளிருதுங்க, நாளைக்குப் போலாம்" என்றாள். நாளைக்கும் அதையே சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை, சரியான புத்தகம்தான் வரப்போகிறதே.

ஆறாம் மாத முடிவில் பயிற்சிப் பெண் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். கட்டைவிரல் மட்டும் அசைந்தது. அதை அட்டையில் எழுதிக்கொண்டாள்.

"விடுங்க, இடது கையாலயே சாப்பிட்டுக்கறேன்" என்றாள் மனைவி, என்னைத் தேற்றுகிற குரலில். அன்று வீடு திரும்பியதும் நான் செய்த காரியம், நான்காவது நினைவூட்டலைத் தட்டச்சு செய்தது.

கோரிய புத்தகத்தை வாங்க ஒப்புதல் அளிக்கப்பட்டதாக மன்றத்தின் பதில் கைக்கு வந்தது, தீபாவளிக்கு மறுநாள்.