அந்தோணிக்குப் போன பொங்கல் அழைப்பு

போன வாரம் கல்லறைத் தோட்டத்தில் மயங்கி விழப் பார்த்தேன். பேயைப் பார்த்து அல்ல... என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கடிதங்களைப் பார்த்து!

திருச்சுழி பக்கம் நான் தமிழ் டீச்சர் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் அந்தோணி ராணுவத்தில் இருந்தவர். போன வருஷம் எல்லையில் இறந்து, பெட்டியில் வந்து சேர்ந்தார். கல்லறைத் திருநாளன்று பிள்ளைகள் ஆளுக்கொரு அஞ்சலி எழுதி அவர் கல்லறையில் வைக்கட்டும் என்று யோசனை சொன்னது நான்தான். வாய் சும்மா இருக்குமா?

"அஞ்சலின்னா எப்படி டீச்சர் எழுதணும்?" என்றாள் முதல் பெஞ்ச் செல்வி.

"அவுகளுக்கு ஒரு கடிதம் எழுதுற மாதிரி எழுதுங்களேன்" என்று சொல்லிவிட்டேன். வாங்கிப் படித்தும் பார்க்கவில்லை. சோம்பல்தான், வேறென்ன?

அன்று காலை, கல்லறைக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்து மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் அந்தோணியின் மனைவி ஜெயமேரி. ஒரு வருஷமாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர். அவர் மனசு நோகாமல் இது முடியவேண்டுமே என்பதுதான் என் கவலையெல்லாம்.

செல்வி கணீரென்று வாசித்தாள். "அன்புள்ள அந்தோணி மாமாவுக்கு, நலம், நலமறிய ஆவல்..."

நான் சட்டென்று ஜெயமேரி பக்கம் திரும்பினேன்.

"...வரும் பொங்கல் விடுமுறைக்குத் தாங்கள் அவசியம் வரவேண்டும். கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, குளிக்கலாம்..."

பரீட்சைக்காக நான் மனப்பாடம் செய்ய வைத்த ஒரே கடிதம் — நண்பனைப் பொங்கலுக்கு அழைப்பது! பெயரை மட்டும் மாற்றியிருக்கிறாள். மற்றவர்களுடையதைப் பிடுங்கிப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பேரும் அழைத்திருந்தார்கள். கட்டம் போட்டு முகவரி வேறு: 'கல்லறைத் தோட்டம், வேப்பமரத்தடி.'

"மன்னிச்சுக்கம்மா ஜெயமேரி... நான் பாக்காம விட்டுட்டேன்..."

அவர் தோள் குலுங்கியது. போச்சு, அழவைத்துவிட்டேன்! நிமிர்ந்தார்... சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரிப்பு.

"நானும் வருசா வருசம் இதத்தான் எழுதுவேன் டீச்சர். லீவு இல்லன்னு பதில் போடுவாக." மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் வச்சுட்டுப் போங்க. இத்தன பேரு கூப்புட்டா எந்த அதிகாரியும் லீவு குடுத்துருவாக."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பிள்ளைகள் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.

மார்க்கா? எல்லோருக்கும் பத்துக்குப் பத்து. முகவரி சரியாக இருந்ததே!