பம்பருக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள்

இந்தக் கனடாவில் மோட்டார் சைக்கிளும் வாகனத்தில் ஏறித்தான் ஊர்ப்பயணம் போகிறது. வந்த புதிதில் இது எனக்கு விளங்கவேயில்லை. பனி கரைந்து வெயில் தலைகாட்டியதும் நெடுஞ்சாலையில் பிக்கப் வண்டிகளின் பின்புறத்தில் பளபளவென்று நிற்கும். ஓடுவதற்கென்றே செய்த ஒன்றை இன்னொன்று ஏன் சுமந்துகொண்டு ஓடவேண்டும்? யாழ்ப்பாணத்தில் எல்லாம் மறுவளம். அங்கே மோட்டார் சைக்கிள்தான் மற்றதையெல்லாம் சுமந்தது. சீமெந்து மூட்டை, காஸ் சிலிண்டர், கால் கட்டிய ஆடு, அவற்றுக்கு இடையில் ஒரு முழுக் குடும்பம். எங்கள் கலியாணத்துக்கு வாங்கிய அலுமாரியின் கண்ணாடிக் கதவு அப்படித்தான் வந்தது. பின்னால் இருந்தவர் அதைக் குழந்தையைப்போலக் கட்டிப்பிடித்திருக்க, தெருவில் நின்றவர்களெல்லாம் அதில் முகத்தைப் பார்த்துத் தலையைத் தடவிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த நானும் போன வசந்தத்தில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிக்கப்பில் ஏற்றிவர வேண்டியதாயிற்று. அது எனக்கு வாங்கியதல்ல. என் மனைவி சுமதிக்கு.

சுமதி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நாங்கள் இருக்கும் மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஊரில் அவள் குடும்பநல மாது. பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கச் சின்ன மோட்டார் சைக்கிளில் மணல் ஒழுங்கை, வெள்ளம் நின்ற வயல்வரம்பு எல்லாம் போய்வந்தவள். "மிஸ்ஸி வாறா" என்று நாய்களுக்குக்கூடத் தெரியும் என்பார்கள். இங்கே வந்தபிறகு அந்தக் கதையை அவள் எடுத்ததேயில்லை. அதனால், ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, "நான் மோட்டசைக்கிள் லைசென்ஸ் எடுக்கப் போறன்" என்று சொன்னபோது பகிடி என்றுதான் நினைத்தேன். அவள் வார இறுதி வகுப்புக்குப் போனாள், பரீட்சையில் பாஸ் பண்ணினாள், விற்பனை விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அவ்வளவு பிரச்சினைக்குள்ளாலயும் உயிரோட வந்து சேர்ந்தது, இஞ்ச ரோட்டில விழுறதுக்கே?" என்று கேட்டேன்.

"உயிரோட வந்தது பஸ்ஸுக்குக் காத்து நிக்கிறதுக்கு மட்டுமே?" என்றாள்.

அவளுக்குப் பிடித்த மோட்டார் சைக்கிள் ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கும் வடக்கே ஒரு பண்ணைவீட்டில் இருந்தது. இருநூற்றைம்பது சீசி, கடும் நீலம். இலக்கத் தகடு எடுக்கும்வரை அதை வீதியில் ஓட்ட முடியாது, ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். என்னிடம் பிக்கப் இருந்தது. நான் புதுவீடுகளுக்கு வேலி அடிக்கிறவன். யாழ்ப்பாணத்தான் கனடாவுக்கு வந்தும் வேலிதான் அடிக்கிறான் என்று நண்பர்கள் நையாண்டி பண்ணுவார்கள். ஆனால் பிக்கப்பின் பெட்டி முழுக்கப் பலகையும், சுத்தியலும் ஆணியும் கிடக்கிற ஆயுதப்பெட்டியும். பிறம்ரனில் லொறி ஓடுகிற ரவி அண்ணைதான் வழி சொன்னார். அவரிடம் ஒரு ஹிச் காரியர் இருந்தது. பிக்கப்பின் பம்பருக்குக் கீழே சதுரமாக ஓர் ஓட்டை இருக்கிறதல்லவா, அதற்குள் இரும்புச் சட்டமொன்றைச் செருகி ஆணி போட்டால், பின்னால் குறுக்கே, கூரைத் தண்ணீர் ஓடும் பீலிபோன்ற ஒரு தட்டு நிற்கும். அந்தப் பீலிக்குள் மோட்டார் சைக்கிளை ஏற்றி, நாலு பக்கமும் பட்டியால் இழுத்துக் கட்டவேண்டும்.

"உதில ஒண்டும் இல்லை தம்பி. ஏத்து, கட்டு, ஓடு" என்றார் ரவி அண்ணை.

"விழாதோ அண்ணை?"

"விழுந்தால் பின்னால வாறவனுக்குத்தானே பிரச்சினை."

அந்த ஆறுதலோடு ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டோம்.

மோட்டார் சைக்கிளை விற்றவர் கிளென் என்ற உயர்ந்த வெள்ளைக்காரர். இடுப்பு எலும்பு மாற்றியதால் இனி ஓட முடியாது. அவர் என் பிக்கப்பின் பின்புறத்தைக் குனிந்து பார்த்துவிட்டு முதல் கேள்வியாக, "வாட்ஸ் யுவர் ரங் வெயிற்?" என்று கேட்டார். உன் நாக்கின் நிறை என்ன என்று எனக்குக் கேட்டது. இத்தனை வருடத்தில் என் ஆங்கிலத்தைப் பலரும் பலவிதமாக அளந்திருக்கிறார்கள், நிறுத்துப் பார்க்க ஒருவரும் கேட்டதில்லை. "சொறி, மை இங்கிலிஷ் இஸ் ஸ்லோ" என்றேன். கிளென் சிரிக்காமல், அந்த ஹிச் சட்டத்தில் கையை வைத்து அழுத்திக் காட்டினார். அதன்மேல் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைத்தான் நாக்கின் நிறை என்கிறார்களாம்.

அடுத்து எஞ்சினைப் பற்றி, எண்ணெய் மாற்றியதைப் பற்றி, குளிரில் ஸ்ராட் பண்ணும் விதம் பற்றி எனக்கு நீளமாக விளக்கினார். நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, கடைசியில் சுமதியைக் கைகாட்டினேன். "ஷீ இஸ் தி டிறைவர்." அவர் அவள் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். சுமதி குந்தியிருந்து சங்கிலியை விரலால் இழுத்துப் பார்த்தாள். ஏறி, முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம் போனாள். முதுகு நிமிர்ந்து, முழங்கைகள் தளர்ந்து, எனக்குப் பழக்கமில்லாத ஒரு இளம்பெண்ணாகத் திரும்பி வந்தாள்.

வாசலில் கிளெனின் மனைவி நெஞ்சில் கைவைத்தபடி நின்றார். என்னிடம் வந்து, சந்தோஷமா என்று கேட்டார். "ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்று உண்மையைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மீ ரூ. ஓல் மை லைஃப்." அந்த வீட்டில் இதுவரை பயந்தவர் அவர், எங்கள் வீட்டில் இனிப் பயப்படப் போகிறவன் நான். மோட்டார் சைக்கிளோடு அதையும் கைமாற்றிக் கொடுத்த நிம்மதி அவருடைய முகத்தில் தெரிந்தது.

பின்பாரத்தில் பிக்கப்பின் மூக்கு சற்று மேலே தூக்கியிருந்தது. ஸ்ரீயரிங் பஞ்சுபோல இலேசாகக் கிடந்தது. மெதுவாகத்தான் ஓடினேன். எதிரே வந்த ஒருவர் கைகாட்டினார். மோட்டார் சைக்கிள்காரர்கள் தெருவில் கண்டால் ஒருவருக்கொருவர் கைகாட்டுவார்கள் என்று கிளென் சொல்லியிருந்ததால் நானும் காட்டினேன். இன்னொருவர் காட்டினார். அவருக்கும் காட்டினேன். எங்களை முந்திப்போன ஒரு பெண் இரண்டு கையையும் ஆட்டினாள். இந்த நாட்டில் எனக்கு இவ்வளவு வரவேற்பு ஒருநாளும் கிடைத்ததில்லை.

சுமதி கண்ணாடியில் பார்த்தாள். "என்னப்பா, உவை கை காட்டேல்லை. பின்னால பாக்கச் சொல்லிக் காட்டுகினம்."

ஓரத்தில் நிறுத்தி ஓடிப்போய்ப் பார்த்தால், முன்பக்கப் பட்டியொன்று கழன்று தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் வருசப்பிறப்புக்குக் குடித்தவர்போல வீதிப்பக்கம் சாய்ந்து நின்றது. சுமதி தோளைக் கொடுத்து நிமிர்த்தினாள். முன்பக்கத்தை அமுக்கி வைத்துக்கொண்டு பட்டியை இறுக்காவிட்டால் அது திரும்பவும் தளரும் என்று அப்போதுதான் எங்களுக்குப் பிடிபட்டது. அமுக்குவதற்கு என்ன வழி? அவள் காரியரில் கால்வைத்து, சீற்றில் ஏறி இருந்து, கைப்பிடியில் உடம்பின் பாரத்தைப் போட்டாள். நான் பட்டியோடு மல்லுக்கட்டினேன்.

அந்தக் கோலத்தில்தான் பொலிஸ் வாகனம் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. இறங்கியவர் வயது குறைந்த அதிகாரி. அவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஒரு மனிசி பிக்கப்பின் பின்னால் கட்டிய மோட்டார் சைக்கிளில் ஏறியிருந்து பயணம் போகத் தயாராக இருக்கிறாள். "மாம், ஸ்ரெப் டவுன், பிளீஸ்" என்றார். "சேர், ஷீ இஸ் ஒன்லி வெயிற்" என்றேன் நான். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

சுமதி சிரிக்கவில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் இறங்கிவிட்டாள். கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து, யாரும் கேட்காமலே நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். கண் தரையில்.

ஊரில் சண்டைக்காலத்தில் சோதனைச்சாவடிக்குச் சாவடி அவள் அப்படித்தான் நின்றவள். தூரத்திலேயே இறங்கு, உருட்டிக்கொண்டு வா, பையைத் திற, அட்டையைக் காட்டு. பிள்ளைவலியோடு ஒருத்தி காத்திருக்கிறாள் என்று சொன்னாலும் அதே இறங்கு, அதே உருட்டு. ஒரு மழைநாளில் அப்படி நெடுநேரம் மறித்து வைத்திருந்தபோது, அவள் போய்ச் சேருமுன் ஒரு குழந்தையின் உயிர் போய்விட்டது. கலியாணமான புதிதில் ஒரேயொரு தடவை அதைச் சொன்னாள். பிறகு நானும் கேட்கவில்லை.

அதிகாரிக்கு அட்டை தேவைப்படவில்லை. அவர் குனிந்து பட்டியைப் பார்த்தார், கொளுவியை வேறிடத்தில் மாட்டினார், தன் கையால் இழுத்தார். போதவில்லை. நிமிர்ந்து சுமதியைப் பார்த்து, தயவுசெய்து திரும்ப ஏறுகிறீர்களா என்று கேட்டார். அவள் அசையவில்லை.

"ஏறட்டாம்" என்றேன்.

"ஆரை?"

"உம்மைத்தான்."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அட்டையைப் பைக்குள் வைத்து, பையை என்னிடம் தந்துவிட்டு ஏறினாள். அதிகாரி பட்டியை இறுக்க, அவள் கைப்பிடியை அமுக்கிக்கொண்டு நேரே முன்னால் பார்த்தபடி இருந்தாள். கண் நிறைந்திருந்தது. காற்று என்று பிறகு சொன்னாள். அவர் அதைக் கவனித்தாரோ தெரியாது. பிக்கப்பின் இலக்கத் தகட்டை மோட்டார் சைக்கிள் மறைக்கிறது, அடுத்தமுறை தகட்டைத் தெரியும்படி பூட்டு என்று எனக்கு மட்டும் ஒரு சின்னப் பேச்சு விழுந்தது.

புறப்பட்டபிறகும் பொலிஸ் வாகனம் பின்னாலேயே வந்தது.

"இன்னும் வாறாரோ?" என்று சுமதி கேட்டாள்.

"ஓம், வாறார்."

"ஏனாம்?"

"திரும்பவும் விழுமோ எண்டு பாக்கிறார் போல."

முதல் சிக்னல் விளக்கில் அவர் வலப்பக்கம் திரும்பியபோது, சுமதி கண்ணாடியைப் பார்த்துக் கையை மெல்ல உயர்த்தினாள். அவர் கண்டிருக்க மாட்டார்.

மோட்டார் சைக்கிளுக்குத் தகடு வந்து சேர்ந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, பயந்துகொண்டே அவளுக்குப் பின்னால் ஏறினேன். எங்கள் மாடிவீட்டுத் தொகுதியின் உள்வீதி ஒடுக்கமானது, நடுவில் கோடு கிடையாது. சுமதி அதன் இடப்பக்கத்தால், வேலியோரமாக, தன்பாட்டில் போனாள். யாழ்ப்பாணத்து ஓட்டம்.

"சுமதி, இடப்பக்கத்தால போறீர்."

"தெரியும்" என்றாள். "ரோட்டில மாறுவன்."

தொகுதி வாசலில் நிறுத்தினாள், இருபுறமும் பார்த்தாள். மஞ்சள் கோடு தொடங்குகிற இடத்தில் கனடாவின் வலப்பக்கத்துக்கு மாறிப் பஸ்ஸொன்றின் பின்னால் சேர்ந்துகொண்டாள். திரும்பி வரும்போதும் அப்படியே. வாசலைத் தாண்டியதும், ஒருவரும் கேட்காமலே, மோட்டார் சைக்கிள் மெல்ல இடப்பக்கத்து வேலியோரம் சாய்ந்தது.