கடைசியில் வரவேண்டிய லா

சனி ஞாயிறுகளில் என்ன செய்வீர்கள் என்று யாராவது கேட்டால் வீட்டைத் துடைப்பேன் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொன்னால் விளக்க வேண்டும். விளக்க ஆரம்பித்தால் கேட்டவர் முகம் மெல்ல விழுவதைப் பார்க்க வேண்டும். அந்தச் சோர்வு எனக்கு எதற்கு? இங்கே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

பார்வை இல்லாதவர்களுக்குக் கணினித் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதுவது. யார் வேண்டுமானாலும் உள்ளே எட்டிப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம், திட்டு வாங்கலாம். அதில் தமிழ்க் குரலும் உண்டு. அந்தத் தமிழ்ப் பகுதியின் ஹெடர் கோப்புகளைப் பிரித்து அடுக்கும் வேலையை நான் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சாப்பிடவும் இடமில்லாமல், மாதக்கணக்கில் அதுதான் நடந்தது.

ஹெடர் கோப்பு என்பது பெரிய ரகசியம் இல்லை. ஒரு நிரலுக்குத் தேவையான பெயர்களும் பட்டியல்களும் அதில் இருக்கும். நிரலின் தலைமாட்டில் 'இந்தக் கோப்பைச் சேர்த்துக்கொள்' என்று ஒரு வரி எழுதினால் போதும், எல்லாம் கைக்கு வந்துவிடும். எங்கள் மென்பொருளில் பொதுவான ஹெடர் என்று ஒன்று இருந்தது. எதை எங்கே வைப்பது என்று தெரியாத எல்லாரும், வருஷக்கணக்காக, அதற்குள்ளேயே திணித்திருந்தார்கள். கல்யாண வீட்டில் வந்தவர் பெட்டியெல்லாம் ஒரே அறையில் குவிந்து கிடக்குமே, ஒரு ஊக்கு எடுக்க எல்லாப் பெட்டியையும் நகர்த்த வேண்டியிருக்குமே, அந்த நிலைமைதான். ஒரு வரியைத் தொட்டால் மொத்த நிரலும் முதலிலிருந்து மறுபடி உருவாக வேண்டும். நான் காப்பி போட்டு, குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது.

மேலே இருப்பவர்கள் ஒருநாள் முடிவெடுத்தார்கள். பொதுவான ஹெடரை ஒழிக்கப் போகிறோம், புதிய அடுக்குக்கு மாறாத மொழிகள் அடுத்த வெளியீட்டில் இருக்காது என்று அறிவித்தார்கள். தமிழுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்து மாட்டிக்கொண்டேன்.

மொழிப்பற்று என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது. என் அக்கா கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருக்கிறாள். துறைமுகத்துக்கு லோரி ஓட்டும் ஒரு கம்பெனியில் எந்த லோரி எந்த யார்டில் நிற்கிறது, எது கிளம்பலாம், எது காத்திருக்கணும் என்று பார்த்துச் சொல்கிறவள். சர்க்கரை அவள் கண்ணைத் தின்ற பிறகும் வீட்டிலிருந்தே அந்த வேலையைச் செய்தாள். டிரைவர்கள் தமிழில் செய்தி அனுப்புவார்கள், கணினி வாசிக்கும், இவள் பதில் சொல்வாள். தமிழ்க் குரல் போனால் அக்காவின் வேலையும் போகும். எனக்கு அவ்வளவுதான் விஷயம்.

புதிய அடுக்கு ஓரளவு தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கிள்ளான் போய், அங்கிருந்து கார் பிடித்து பண்டமாரான் போனேன். அக்காவின் கணினியில் அதைப் போட்டேன். சோதித்துப் பார்க்க வேறு யார் காது எனக்கு இருக்கிறது? செய்தித்தளத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்க வைத்தோம். அழகாக வாசித்தது. அக்கா பழைய குரலைவிட இது தெளிவு என்றாள். நான் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

அந்த வாரம் அவள் எனக்குப் போன் செய்யவில்லை. நான் செய்தாலும் "ம், ம்" என்று வைத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை நேரிலேயே போனேன். பகல் பதினோரு மணிக்குக் கணினியை அணைத்துவிட்டு அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சனிக்கிழமையும் அவளுக்கு வேலை நாள்தான்; வேலை நாளில் அவள் கீரை ஆய்ந்து நான் பார்த்ததே இல்லை.

"வேலை இல்லையாக்கா?"

"பாஸ் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாரு. டிரைவர் குரூப்லேர்ந்து தூக்கிட்டாரு."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் ஒரு டிரைவரிடமிருந்து செய்தி. துறைமுக கேட்டுக்கு முன்னால் நிற்கிறேன் என்று சொல்லி, கடைசியில் 'லா' என்று மெஷின் வாசித்திருக்கிறது. சட்டம் படிக்கிறவர்கள் சொல்வார்களே, அந்த லா. போலீசோ சாலைப் போக்குவரத்து அதிகாரிகளோ பிடித்துவிட்டார்கள் என்று பதறி, அக்கா உடனே முதலாளிக்குப் போன் போட்டிருக்கிறாள். அவர் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு கேட்டுக்கு ஓடியிருக்கிறார். டிரைவர் லோரியில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். அன்றைக்கு முதலாளி சிரித்துவிட்டார். புதன்கிழமை வேறொரு டிரைவர், அதே கதை. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

"என்ன அனுப்பினான்னு போடு பார்ப்போம்" என்றேன்.

கணினியைத் திறந்து அந்தச் செய்தியை வாசிக்க விட்டாள். 'அக்கா, கேட் முன்னாடி நிக்குறேன்.' ஒரு நிறுத்தம். அப்புறம் வாயை உருட்டி, ஆவுக்கும் ஓவுக்கும் நடுவில், தனியாக ஒரு 'லா'. வக்கீல் வாதத்தை முடித்துவிட்டு உட்காருகிற மாதிரி.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"இதையும் கேளு" என்று முதலாளி அனுப்பியதைப் போட்டாள். 'அக்கா, மெஷின் சரியாகட்டும். நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க.' நிறுத்தம். 'லா.' தீர்ப்பு வாசித்த மாதிரி இருந்தது.

"இத்தன வருஷத்துல அவரு என்கிட்ட இப்படிப் பேசினதே இல்லடா" என்றாள். அவள் கை கீரைக்காம்பை ஒடித்துக்கொண்டே இருந்தது. அவர் அப்படிப் பேசவில்லை, என் மெஷின் அப்படிப் பேசியது என்று விளக்கினேன். அவள் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை. காதால் கேட்டதை எப்படி இல்லை என்று நம்புவது?

பழைய குரலைத் திரும்பப் போட்டுவிடுகிறேன் என்றேன்.

"அது எத்தன நாளைக்கு ஓடும்?"

அடுத்த வெளியீடு வரைக்கும்தான் என்றேன்.

"ஒன்னும் வேணாம். மாத்தி மாத்திப் போட்டு என்னைப் பைத்தியக்காரி ஆக்காதே. ஒழுங்கா ஒரேயடியா செஞ்சு குடு. அப்புறம் நான் பாஸ்கிட்ட பேசிக்கிறேன்."

வீட்டுக்கு வந்து கோப்புகளைக் கிளறினேன். காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை, அதுதான் எரிச்சல். சொற்களை எப்படி உச்சரிப்பது என்று தமிழ்ப் பகுதியில் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று தமிழ்நாட்டுப் பட்டியல். அதில் 'லா' என்றால் சட்டம், லா காலேஜில் வரும் லா. இன்னொன்று மலேசியப் பட்டியல். அதில் 'லா' என்றால் எங்கள் ஊரில் பேச்சை இதமாக முடிக்கச் சேர்க்கும் அசை; முன் சொல்லோடு ஒட்டிக்கொண்டு, குரல் தணிந்து முடியும். இரண்டிலும் ஒரே சொல் இருந்தால் பின்னால் வரும் பட்டியல் முன்னால் வந்ததை மூடிவிடும். பழைய பொதுவான ஹெடருக்குள் யாரோ ஒரு புண்ணியவான் தமிழ்நாட்டை முதலிலும் மலேசியாவைக் கடைசியிலும் வைத்திருந்தார். ஏன் என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. நான் பிரித்து அனுப்பியபோது, ஹெடர் வரிகளை ஆங்கில அகர வரிசையில் அடுக்கும் எங்கள் குழுவின் தானியங்கிக் கருவி வந்து அழகு பார்த்துவிட்டது. எம் முதலில், டி பின்னால். மலேசியா மேலே போய்விட்டது, தமிழ்நாடு அதை மூடிவிட்டது. அடுக்கி வைத்த வீட்டில் ஒரு அழகு இருக்கும்தான். வீட்டுக்காரிக்கு உப்பு எங்கே என்று தெரியாது.

இரண்டு வரிகளை இடம் மாற்றி, கருவியே இதைத் தொடாதே என்று எழுதி அனுப்பினேன். தமிழ்ப் பகுதியில் யார் எதை அனுப்பினாலும் பார்த்து ஒப்புதல் தரும் ஆள் ஒருவர் இருந்தார். தமிழ்நாட்டுக்காரர், வேலை விசாவில் கோலாலம்பூர் வந்தவர், விசாரித்தால் எனக்கு அடுத்த தெருவிலேயே குடியிருந்தார். அவரிடமிருந்து பதில் வந்தது. 'லா' தமிழ்ச் சொல் அல்ல, மலேசியப் பட்டியலையே நீக்கிவிட்டால் ஹெடர் இன்னும் சுத்தமாகும், வரிசைப் பிரச்சினையே வராது என்று எழுதியிருந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாலு பக்கத்துக்குப் பதில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் எனக்கே அலுத்துப்போய், மத்தியானம் சாப்பிட வாங்க, பேசுவோம் என்று ஒரு வரி மட்டும் அனுப்பினேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். நல்ல பையன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு இருக்கும். முகத்தில் என்னுடையதே போன்ற தூக்கமின்மை. கம்பெனி வேலை முடிந்து, சனி ஞாயிறில் இந்த வேலை, அவருக்கும் யாரும் நன்றி சொன்னதில்லை.

"சார், நான் தப்பா சொல்லலை. ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் வச்சா நாளைக்கு யாராவது இலங்கைப் பட்டியல் கொண்டு வருவாங்க, சிங்கப்பூர் வரும். எல்லாத்தையும் யார் சார் பார்க்கிறது? எனக்கு நிஜமாவே முடியலை."

எனக்கும் முடியவில்லை என்றேன். அதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அக்காவின் கதையைச் சொன்னேன். கேட்டார், வருத்தப்பட்டார். ஆனாலும் ஸ்டாண்டர்ட் என்று ஒன்று வேண்டுமே சார் என்றார். நான் அடுத்த வாதத்தை மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். அப்போது பரிமாறுகிற அண்ணன் சோற்று வாளியோடு வந்து அவர் இலையில் இன்னொரு கரண்டி போடக் குனிந்தார். இவர் கையை இலைக்கு மேல் விரித்தார்.

"அண்ணே, போதும் லா."

அண்ணன் நகர்ந்துவிட்டார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி கையை இலைமேலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"எப்பலேர்ந்து சார் இது?" என்றார் மெதுவாக.

"எனக்கென்ன தெரியும் தம்பி. வெறும் போதும்னு சொல்லியிருந்தா அவரு மனசு கஷ்டப்பட்டிருக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் அம்மா போனில் 'என்னடா லா லான்னு இழுக்கிறே' என்று கேட்பார்களாம், லைன் சரியில்லை என்று சமாளிப்பாராம். சாப்பிட்டு முடிப்பதற்குள் வழியையும் அவரே சொன்னார். ஒன்றை ஒன்று மூடுகிற வேலையே வேண்டாம், ஒவ்வொரு நாட்டுக்கும் தனி ஹெடர், கேட்பவர் தன் ஊரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். வரிசை எப்படி மாறினாலும் உடையாது. சரியான யோசனைதான். ஆனால் நான் அதுவரை செய்ததில் பாதியைப் பிரித்துப்போட்டு மறுபடி தைக்க வேண்டும்.

தைத்தோம், இரண்டு பேருமாக. அந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஒரு கோப்பைப் பிரிப்போம், எங்கோ சம்பந்தமில்லாத மூலையில் ஏதோ உடையும், அதைச் சரி செய்வோம், வேறொன்று உடையும். இடையில் நான் சண்டை போட்டேன், அவர் கோபித்துக்கொண்டார், மறுபடி வந்தார். வெளியீட்டுக்கு முன்னால் தமிழ் உள்ளே போனது. பாராட்டு என்று வந்தது மேலேயிருந்து ஒரு கட்டைவிரல் படம். அதைப் பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பண்டமாரானுக்குப் போனேன். புதிய குரலைப் போட்டு, ஊர் என்ற இடத்தில் மலேசியாவைத் தேர்ந்தெடுத்தேன். அக்கா முதலில் வாசிக்கச் சொன்னது முதலாளியின் பழைய செய்தியை. 'நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க லா.' லா ஒட்டிக்கொண்டு, தணிந்து முடிந்தது. அக்கா மறுபடி போட்டாள். மறுபடியும்.

"நல்லவிதமாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள். "நான்தான் இத்தன நாளா அவரைக் கறுவிக்கிட்டு இருந்தேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணினியிடம் வாயாலேயே பதில் சொன்னாள். மெஷின் சரியாயிருச்சு பாஸ், ரெஸ்ட் எல்லாம் போதும் லா.

பதில் வரவில்லை. நான் தேநீர் போட்டேன். அக்கா குடிக்கவில்லை. ஆற விட்டாள். அவருக்குக் கோபம் தீர்ந்திருக்காதோ, வேறு ஆள் போட்டுவிட்டாரோ என்று எனக்குள் ஓடியது. அவளுக்குள்ளும் அதுதான் ஓடியிருக்கும். கடைசியில் மணி அடித்தது. 'ஓகே லா' என்று வாசித்தது மெஷின்.

"சலிச்சுக்கிட்டு சொல்றாரா, சந்தோஷமா சொல்றாரா?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அந்த ஒற்றை எழுத்துக்கு இரண்டும் அர்த்தம்தான். எத்தனை ஹெடர் பிரித்தாலும் அதைப் பிரிக்க முடியாது. தெரியலக்கா என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அலுப்பில் வருகிற அழுகை.

கொஞ்ச நேரத்தில் மறுபடி மணி அடித்தது. அவளை குரூப்பில் சேர்த்திருக்கிறது என்று மெஷின் சொன்னது. அதன் பின்னாலேயே ஒரு டிரைவர்: 'அக்கா, வந்துட்டீங்களா? கேட் முன்னாடிதான் நிக்குறேன் லா.'

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நில்லு லா, பின்னாடி ஒரு லோரி வருது, அது வந்ததும் ரெண்டு பேரும் உள்ள போங்க என்று மடமடவென்று சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை மாதம் உழைத்தவன் ஒரு வார்த்தை எதிர்பார்க்கக்கூடாதா?

"எப்படியிருக்கு அக்கா குரல்?" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினாள்.

"கொஞ்சம் பேசாம இரு லா. வேலை நேரம்."