வலிக்காத கால்

குடும்ப டாக்டர் தொழிலில் மருந்து எழுதுவது கால்வாசி வேலை. மீதி முக்கால்வாசி, தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவது. எங்கோ ஒரு சின்ன ஊரில் கிளினிக் போட்டு உட்கார்ந்திருக்கும் சக டாக்டர்களே, வீட்டுச் சர்க்கரை நோயாளியோடு தினமும் மல்லுக்கு நிற்கும் மனைவிமார்களே, பிள்ளைகளே, நீங்களெல்லாம் என் கட்சி. உங்களிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்லி அழுவேன்? என் கிளினிக் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், சுற்றிலும் வாழைத்தோட்டம். இங்கே சொல்வதெல்லாம் சுடலைமுத்து என்ற ஒரே ஆளைப் பற்றி. வாழைத்தார் சுமந்து லாரியில் ஏற்றுகிறவர். தங்கமான மனுஷன். அதனால்தான் கோபம் இன்னும் ஆறவில்லை.

கழுத்தில் குழாய்

முதன்முதலில் அவர் வந்தது உள்ளங்கால் எரிகிறது என்று. மனைவி பேச்சியம்மாளும் கூட வந்திருந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை எக்கச்சக்கம். பாதத்தில் பஞ்சால் தொட்டால் ஒரு இடத்தில் தெரிகிறது என்கிறார், அடுத்த இடத்தில் தெரியவில்லை என்கிறார். நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறது, எரிச்சல் நின்று மரத்துப்போனால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அதுதான் ஆபத்து, வெறுங்காலோடு நடக்கவே கூடாது, மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது என்று வெளியே கூட்டம் முணுமுணுக்க முணுமுணுக்க விளக்கினேன்.

தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எல்லாம் முடிந்ததும் சட்டைக் கையைச் சுருட்டித் தோளைக் காட்டினார். ஊசி வேண்டாம், மாத்திரை போதும் என்றேன். முகம் தொங்கிவிட்டது. வாசலில் நின்று மனைவியிடம் அவர் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது: "ஏட்டி, ஊசி போடாத டாக்டருக்குக் கழுத்துல கொழா என்னத்துக்கு?"

சார்வாள் சொன்ன வைத்தியம்

சில மாதம் கழித்து மறுபடி பார்த்தால் சர்க்கரை இறங்கவே இல்லை. சீனியைக் கையால் தொடவில்லை என்று அடித்துச் சத்தியம் செய்தார் சுடலைமுத்து. பேச்சியம்மாள்தான் போட்டு உடைத்தார். வேளைக்கு ஒரு பெரிய டம்ளர் கருப்பட்டிக் காப்பி, அதுவும் அசல் உடன்குடிக் கருப்பட்டி. மாத்திரையை நிறுத்தியாயிற்று. யார் சொன்னது என்றேன். சார்வாள் சொன்னாராம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பிரஷர் பார்க்க என்னிடம்தான் வருவார். முறை வரும்வரை என் பெஞ்சிலேயே உட்கார்ந்து, என் நோயாளிகளுக்கே, செல்போனில் வந்த வைத்தியத்தையெல்லாம் வாசித்துக் காட்டுவார்.

அடுத்த முறை சார்வாள் வந்ததும் எல்லோருக்கும் முன்னால் பிடித்துக்கொண்டேன். கருப்பட்டியும் சர்க்கரைதான், ரத்தத்துக்குள் போய்விட்டால் ஆலையும் தெரியாது பனையும் தெரியாது, நீங்கள் சொன்னதை நம்பி ஒரு மனுஷன் மாத்திரையை நிறுத்திவிட்டான் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார். "சீனி ஆலையில செய்யது, கருப்பட்டி பனையிலருந்து வாறது. படிச்ச புள்ள, நீயே ரெண்டையும் போட்டுக் கொழப்பலாமாம்மா?"

பொட்டல மாத்திரை

நான் எழுதியதைவிட வேறு ஏதோ உள்ளே போகிறது என்ற சந்தேகம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. முகம் உப்பி, கன்னம் பளபளத்து வந்தார் சுடலைமுத்து. சட்டைப் பையைக் காட்டச் சொன்னேன். பேப்பரில் மடித்த பொட்டலம் ஒன்று. உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாகப் பெயர் இல்லாத மாத்திரைகள். உடம்பு வலிக்கு மெடிக்கலில் கொடுக்கிற செட்டு. இந்தப் பொட்டலம் உங்கள் ஊரிலும் உண்டு, எனக்குத் தெரியும். அதில் ஒன்று ஸ்டீராய்டு. வலி பறந்துவிடும், கூடவே சர்க்கரையும் ஏறிவிடும்.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கே போனேன். கடைக்கார அண்ணாச்சி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேப்பர் மடித்துக்கொண்டிருந்தார். சீட்டு இல்லாமல் இதைக் கொடுக்க நீங்கள் யார், புகார் கொடுக்காமல் விடமாட்டேன் என்று தெருவே வேடிக்கை பார்க்கும்படி கத்தினேன். புகாரும் கொடுத்தேன். என்ன ஆனது என்று கேட்காதீர்கள். கடை திறந்துதான் இருக்கிறது. அன்றைக்கு அண்ணாச்சி மடிப்பதைக்கூட நிறுத்தாமல் சொன்னார்: "நீங்க தாற மாத்திரையைத் தின்னுட்டு அவன் படுத்துக் கெடக்கணும். நான் தாறதத் தின்னா மறுநா வெள்ளன தார் தூக்கப் போயிருதாம்லா. அப்ப யாரும்மா டாக்டரு?"

திருச்செந்தூர் பாதை

மகளுக்கு வரன் அமைந்தால் திருச்செந்தூருக்கு நடந்து வருவதாக சுடலைமுத்து வேண்டியிருந்தார். வரன் அமைந்தது. போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் சாமி உண்டு. செருப்பு போட்டுக்கொண்டு நடங்கள், கோவில் வாசலில் கழற்றினால் போதும் என்றேன். சரி என்றார். வீட்டு வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். உச்சிவெயிலில், தார் ரோட்டில்.

திரும்பி வந்தபின் கால் நாறுகிறது என்று பேச்சியம்மாள் இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளங்காலில் கொப்புளம் எல்லாம் உடைந்து தோல் வழன்று கிடந்தது. நடுவில் ஒரு கண்ணாடிச் சில்லு. அதன்மேலேயே மிச்ச வழி பூராவும் நடந்திருக்கிறார். கத்தினேன், ஏசினேன், அழுகையும் வந்தது. அவர் முகத்திலோ அப்படி ஒரு பிரகாசம். "கூட வந்தவனெல்லாம் காலு காலுன்னு உக்காந்துட்டான் டாக்டரம்மா. எனக்கு ஒரு பொட்டு வலி இல்ல. முருகன் எங்காலத் தாங்கிக்கிட்டாம்லா!"

ஞாயிற்றுக்கிழமை

இன்றைக்கே திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஒருவேளை விரலோடு போகும், தள்ளிப்போட்டால் கால் போகும் என்று எழுதிக் கொடுத்து, ஆட்டோவையும் வரவழைத்தேன். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டது. பேச்சியம்மாள் சொன்ன காரணத்துக்கு மட்டும் எனக்குக் கத்த வாய் வரவில்லை: "ஞாயித்துக்கெழம மாப்ள வீட்டுக்காரவுக சம்பந்தம் பேசி முடிச்சு, சாப்புட்டுக் கை நனைக்க வாறாவ. அந்நேரம் இவுக ஆஸ்பத்திரியில கெடந்தா எம்மவ கதி என்ன?"

மிச்சம் இருப்பது

கல்யாணம் நிச்சயமானது. கால் முழங்காலுக்குக் கீழே போனது. பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அதற்கு அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அக்குளில் கட்டையை ஊன்றிக்கொண்டு புண்ணுக்குக் கட்டு மாற்ற என்னிடம் வந்தார் சுடலைமுத்து. இனி தார் சுமக்க முடியாது. பேச்சியம்மாள் களையெடுக்கப் போகிறார்.

புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு, மிச்சமிருக்கும் காலைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். குதிகாலில் தெரியவில்லை என்றார். மாத்திரை எங்கே என்றேன். பையிலிருந்து எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. என் குரல் ரோடுவரை கேட்டிருக்கும். பாவம், அவர் என்னைத்தான் சமாதானப்படுத்தினார். "இனி என்னத்துக்கு டாக்டரம்மா மாத்திர? சுகர் இருந்த காலத்தான் வெட்டி எடுத்தாச்சுல்லா?"

அவருக்கு இன்னும் ஒரு கால் இருக்கிறது, எனக்கு இன்னும் ஒரு தொண்டை இருக்கிறது. எது முதலில் போகிறது என்று பார்த்துவிடுவோம்.