ஏழு பனியனும் எங்கள் அப்பாவும்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதும்படி உறவினர்கள் சொன்னார்கள். அப்பாவைப் பற்றி எழுத நல்லது மட்டும்தான் இருக்கிறது. என் கோபமெல்லாம் மற்றவர்கள் மேல். அதையும் எழுதத்தான் போகிறேன்.

அப்பா பிறந்தது மேச்சேரிப் பக்கம். தாத்தா சீக்கிரமே தவறிவிட, அப்பா படிப்பை விட்டுவிட்டு மேட்டூரில் சுமை தூக்கப் போனார்கள். மாலையில் கபடி. ஊர்க் கபடிக் கழகத்தில் அப்பா மாற்று ஆட்டக்காரர். கழகம் தைத்ததோ ஏழே பனியன். யாருக்காவது அடிபட்டால், அவர் கழற்றிப் போடும் வேர்வைப் பனியனை மாட்டிக்கொண்டு அப்பா இறங்க வேண்டும்.

ஓர் இறுதிப் போட்டியில் ஒருவருக்கு முழங்கால் பிசகியது. அப்பா இறங்கினார்கள். எதிரணியின் கெட்டிக்கார ஆளைக் கணுக்காலோடு பிடித்து மடக்கினார்கள். கோப்பை கிடைத்தது. அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. படம் எடுக்கும் நேரத்தில், "பனியன அடிபட்டவன்கிட்டயே குடுத்துருப்பா, படத்துக்கு ஏழு பேரு போதும்" என்றார் கழகச் செயலாளர். அப்பா கழற்றிக் கொடுத்துவிட்டு வெற்றுடம்போடு ஒதுங்கி நின்றார்கள். அடப்பாவிகளா, ஜெயிக்க வைத்தது யார்?

பின்னாளில் அப்பா பெண்பிள்ளைகள் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார்கள். உதவ யார் வந்தாலும், "ஏழு பத்தாதுங்க சாமி, ஒக்காந்திருக்கற புள்ளைங்களுக்கும் பனியன் வேணுமுங்க" என்பார்கள். பனியன் வந்ததும் முதலில் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பார்கள். தோற்றாலும் படத்தில் எல்லோரும் நிற்க வேண்டும். நோயில் படுத்திருந்த கடைசி மாதங்களிலும், "எல்லாப் புள்ளைங்களுக்கும் வந்துருச்சா?" என்றுதான் கேட்டார்கள்.

அப்பா இறந்த அன்று அதே கழகத்தார் ஒரு புதுப் பனியனோடு வந்தார்கள். முதுகில் அப்பாவின் பெயரைத் தைத்திருந்தார்கள். கூடவே ஒரு கேமராக்காரர்!

"மேல போர்த்தி ஒரு படம் எடுத்துக்கறோமுங்க. கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள், அழுதுகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்கள். "ஈரமில்லாத பனியன அவருக்கு நீங்க ஒருநாளும் குடுத்ததில்லீங்க. இப்பப் போட்டா அவருக்கே அவர அடையாளம் தெரியாதுங்க. எடுத்துக்கிட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் போனார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அலைந்த அக்கம்பக்கத்தாருக்கும், கடைசி வரை வந்து பார்த்த அப்பாவின் அணிப் பிள்ளைகளுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கழகத்தாருக்கு மட்டும் இன்னும் நன்றி சொல்லவில்லை. அந்தப் பனியன் உங்களிடம்தானே இருக்கிறது? பெயரைப் பிரித்துவிட்டு, இந்த வருடப் போட்டியில் வெளியே உட்காரும் ஆட்டக்காரருக்குக் கொடுங்கள். படத்திலும் நிற்க வையுங்கள். அன்றைக்கு நேரில் வந்து நன்றி சொல்கிறேன்.

— மகள்