பூசையில் வைத்த வாடகைப் புத்தகம்

அன்றைக்கு அந்த ஜெராக்ஸ் கடையில் இருந்தவர்கள் ஆறு பேர். கடைக்குச் சொந்தக்காரரான பெரியப்பா, பெரியம்மா, கடலூரிலிருந்து காலைப் பஸ்ஸில் வந்து இறங்கிய அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, பிறகு நான். மெஷினையும் சேர்த்தால் ஏழு. சேர்க்காமல் இருக்கவும் முடியாது. ஆயுத பூசை என்பதால் எங்கள் எல்லோரையும்விட அதற்குத்தான் சந்தனம் ஜாஸ்தி. அதற்கு நெற்றி எது என்று பெரியம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மூடியில் ஒன்று, காகிதம் வெளியே வரும் வாயில் ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று பின்பக்கம் ஒன்று என மூன்று இடத்தில் பொட்டு வைத்தாள்.

இந்த ஆறு பேரில் ஐந்து பேருக்குத் தெரிந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியாது. என்னைச் சிதம்பரத்தில் விட்டுவிட்டுப் போகத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். அப்பா வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஐஸ் கம்பெனியை ஆடி மாதமே மூடிவிட்டார்கள். பெரியப்பா கடையில் வேலைக்கு இருந்த பெண் கல்யாணமாகித் திட்டக்குடிக்குப் போய்விட்டாள். இரண்டையும் சேர்த்து யாரோ ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்பு. காலாண்டு லீவில் பூசைக்கு வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இருந்த கவலை வேறு. பையில் ஒரு வாடகைப் புத்தகம் இருந்தது.

சும்மா உட்கார்ந்து படிப்பது எனக்கு இன்றுவரை வராது. உட்கார்ந்தால் எதையோ மறந்துவிட்ட மாதிரி இருக்கும். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால் எந்த வரியில் விட்டேன் என்பது மறந்திருக்கும். சின்ன வயதில் அடுப்பும் கதவும் என் பொறுப்பில் இல்லை. ஆனாலும் கால் நிற்காது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு லெண்டிங் லைப்ரரி. அங்கே புத்தகம் எடுத்தால் பிரித்தபடியே நடக்க ஆரம்பிப்பேன். கெடிலம் பாலத்தின் ஓரமாக ஒரு அத்தியாயம். அந்தப் பக்கம் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பெஞ்சு காலியாக இருந்தால் ஒரு அத்தியாயம். ரயில் வருகிற மணி அடித்தால், நான் எங்கும் போகிறவள் இல்லை என்றாலும், எழுந்து நின்றுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவனாம்பட்டினம் கடற்கரை. காற்றுக்குப் பக்கம் பறக்கும் என்று இரண்டு பக்கமும் ஒவ்வொரு செருப்பை வைத்துப் படிப்பேன். புத்தகத்தின் மேல் செருப்பா என்று மீன் காய வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திட்டியதிலிருந்து இரண்டு கல் வைத்துக்கொண்டேன்.

லைப்ரரியில் மாமா பெயரில் டெபாசிட் இருந்தது. மாமா துப்பறியும் கதைகளாகத் தின்று தீர்க்கிறவர். வாடகை நாளுக்கு ஒரு ரூபாய். லைப்ரரிக்காரர் அதிகம் பேசமாட்டார். கதை முடிகிற இடத்தில் பக்கம் கிழிந்திருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். நான் எடுத்திருந்தது வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை யாரோ வாராவாரம் கத்தரித்து பைண்டு செய்தது. ஒரு பக்கம் கொலை, திருப்பினால் கூந்தல் தைலம். ஒரு வக்கீல் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் செத்துக் கிடக்கிறார். யார் செய்தது என்று தெரியாது. ‘சமையல்காரன் மேல் எனக்குச் சந்தேகம்’ என்று ஓரத்தில் ஒருவர் பேனாவால் எழுதியிருக்க, அதன் கீழே இன்னொருவர் ‘அவசரப்படாதீர்’ என்று எழுதியிருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே பாதியைத் தாண்டிவிட்டேன். கொஞ்சம்தான் பாக்கி. சாயங்காலமே திரும்பிவிடுவோம், போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம்.

பெரியம்மா பூசைக்குப் புத்தகம் கேட்டாள். பள்ளிக்கூடப் புத்தகங்களை எடுத்து வரச் சொல்லி அம்மா முன்பே சொல்லியிருந்தாள். நான் பையிலிருந்து ஒன்றொன்றாக எடுப்பதற்குள் பெரியம்மா பையை வாங்கித் தலைகீழாகக் கொட்டிவிட்டாள். மேலாக இருந்த வாடகைப் புத்தகம் முதலில் விழுந்தது. அதை வைத்து, அதன்மேல் தமிழ், இங்கிலீஷ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று அடுக்கி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒரு பட்டுத்துணி போட்டு மூடினாள். அதற்கு முன், எந்தப் புத்தகமும் விட்டுப்போகக் கூடாது என்று அட்டை அட்டையாகச் சந்தனம் தடவினாள். வக்கீலுக்கும் உண்டு.

சரஸ்வதி பூசையன்று எந்தப் புத்தகத்தையும் தொடக் கூடாது. மறுநாள் காலை மறுபூசை ஆன பிறகுதான் எடுத்துப் படிக்கலாம். பிள்ளைகளுக்கு வருஷத்திலேயே பிடித்த நாள் அது. எனக்கு மட்டும் அப்படி இல்லை.

“பெரியம்மா, அதுல ஒண்ணு இன்னிக்கே திருப்பிக் குடுக்கணும்” என்றேன்.

“பூசையில வச்சத எடுத்தா படிப்பு போயிடும்டி. அப்புறம் என்னைக் கேக்காத.”

அம்மாவைப் பார்த்தேன். ராத்திரி தங்கித்தான் போகப் போகிறோம் என்றாள். இது எப்போது முடிவானது என்று கேட்டேன். அம்மா பொரியில் கல் பொறுக்கப் போய்விட்டாள். பொரியில் கல் இருக்காது என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. ஒரு நாள் வாடகை கூடிவிட்டது. அட்டையில் சந்தனம். அதற்கு அபராதம் எவ்வளவு போடுவார்? டெபாசிட்டில் கை வைத்தால் மாமா என்ன சொல்வார்? அதைவிட, யார் கொன்றது?

பூசை முடிந்ததும், கோயிலைச் சாத்துவதற்குள் போய்விட்டு வாருங்கள் என்று மாமாவையும் என்னையும் பெரியப்பா அனுப்பினார். கீழ வீதியில் மாமா நான் எதைப் பார்த்தாலும் வாங்கினார். வளையல் கடையைப் பார்த்தேன், வளையல். ரிப்பனைப் பார்த்தேன், ரிப்பன். பிறகு பயந்துபோய் எதையும் பார்க்காமல் தரையைப் பார்த்து நடந்தேன். மாமா அவ்வளவு செலவு செய்கிறவர் இல்லை. டெபாசிட் போய்விட்டது என்று இவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் இனி போனால் என்ன என்று செலவு செய்கிறார் என்று நினைத்தேன்.

கோயிலுக்குள் சிவகங்கைக் குளத்துப் படியில் உட்கார்ந்தோம். பின்னாளில் நான் எத்தனையோ புத்தகங்களைப் படித்து முடித்த படி அது. அன்று கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

“மாமா, வக்கீல யாரு கொன்னதுன்னு உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும். சொல்லட்டா?”

“வேணாம்.”

கொஞ்ச நேரம் கழித்து, “சமையக்காரன்தானே?” என்றேன்.

“வேணாம்னியே.”

“சமையக்காரனா இருந்தா அன்னிக்கு ராத்திரி தொட்டிக்கு மூடி போட்டுருக்க மாட்டான். காலையில அவன்தான தண்ணி மொள்ளணும், தொறந்தா மொதல்ல பாக்குறது அவனாத்தான இருக்கும்.”

மாமா சிரித்தார். “நீ வக்கீலுக்குப் படிச்சேன்னு வையி, ஜட்ஜு வேலைய விட்டுட்டு ஊரப் பாக்க ஓடிடுவாரு.”

சொன்ன கையோடு சட்டைப்பையிலிருந்து பூசைப் பொரிப் பொட்டலத்தை எடுத்தார். மிச்சமிருந்த பொரியை மொத்தமாகக் குளத்தில் போட்டார். மீன்கள் வந்தன. “போலாமா, அவுங்க தேடுவாங்க” என்று அவரே எழுந்தார். யாரும் எங்களைத் தேடவில்லை. எங்களை அனுப்பியதே அவர்கள்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்கள் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் பேச உட்கார்ந்தார்கள். என்னைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பூசையன்று கடைக்கு யார் வரப்போகிறார்கள்? மெஷினும் நானும், அந்தப் பட்டுத்துணியும்தான். உள்ளேயிருந்து பெரியப்பாவின் குரல் நீளமாக வந்தது, வார்த்தை பிடிபடவில்லை. நடுநடுவே அப்பா “சரிண்ணே” என்பது மட்டும் கேட்டது. ஒரு சரிக்கும் அடுத்த சரிக்கும் நடுவில் நேரம் கூடிக்கொண்டே போனது. எனக்கு அதுவும் வசதியாக இருந்தது. பேச்சு முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

துணியை விலக்கினேன். என் புத்தகம் அடியில் இருந்தது. மேலே ஐந்து பாடப் புத்தகங்கள். அவற்றின்மேல் ஒரு பூச்சரம், அதன்மேல் ஒரு எலுமிச்சம்பழம். பழம் உருண்டுவிடாமல் இழுக்கப் பார்த்தேன். பழம் உருண்டது. மெஷினுக்கு அடியில் போய் நின்றது. குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், உள்ளறை வாசற்படியில் அப்பா.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த ஐந்து புத்தகங்களையும் பூவோடு சேர்த்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“எடுத்துக்க” என்றார்.

நான் என் புத்தகத்தை உருவிக்கொண்டேன். அப்பா உடனே கீழே வைக்கவில்லை. கனத்தைப் பார்க்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு வைத்தார். விளிம்புகளை உள்ளங்கையால் தட்டித் தட்டி ஒரே சீராக்கினார். கணக்குப் புத்தகம் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. அதை இரண்டு முறை சரிசெய்தார். எலுமிச்சம்பழத்தை என் கையிலிருந்து வாங்கித் துடைத்து மேலே வைத்துத் துணியை இழுத்து மூடினார்.

“பெரியம்மா கேட்டா?” என்றேன்.

“நான் எடுத்துக் குடுத்தேன்னு சொல்லு. நீ படி.”

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டே, விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட்டேன். சமையல்காரன் இல்லை. வக்கீலின் அண்ணன்.

மறுநாள் காலை மறுபூசை. பெரியம்மா என் கையில் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து நாலு வரி படிக்கச் சொன்னாள். படித்தேன். புத்தகங்கள் பெரியம்மாவின் அலமாரிக்குப் போயின. என் பைக்குள் வரவில்லை. லீவு முடியும்வரை நான் இங்கே இருந்து பெரியம்மாவுக்கு ஒத்தாசை செய்யப் போவதாக அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, காலையில் ஒருமுறை வாரிப் பின்னிய தலையைப் பிரித்து மறுபடியும் பின்னினாள். இழுத்துப் பின்னியதில் வலித்தது, கத்தினேன். வாடகைப் புத்தகத்தை மாமாவிடம் கொடுத்து, சந்தனத்தைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று பஸ் ஏறும்வரை பாடம் நடத்தினேன். பஸ் கிளம்பியபோது அப்பா ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

லீவு முடிந்தது. வருகிற ஜூனில் இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்றார் பெரியப்பா. மனதாரத்தான் சொன்னார். அந்த ஜூனில் மெஷின் பழுதானது. அதற்கடுத்த ஜூனில் பெரியம்மாவுக்கு ஆபரேஷன். அதற்கடுத்த ஜூனில் யாரும் பேச்செடுக்கவில்லை, நான் உட்பட. கல்லூரிப் பிள்ளைகள் நகலெடுக்கக் கொண்டுவரும் புத்தகங்களை மெஷின் விழுங்கித் துப்புகிற நேரத்தில் படிக்கப் பழகிக்கொண்டேன். மண்ணியல், சட்டம், மீன்வளம், நாடகம் எதிலும் எனக்கு நடுப்பக்கங்கள் தெரியும். யாரும் முதலிலிருந்து முழுசாக நகலெடுக்கமாட்டார்கள். நின்றுகொண்டே படிக்கிற என் வழக்கத்துக்கு அந்த வேலை பொருத்தமாகத்தான் இருந்தது. பூசையில் வைத்ததைத் தொட்டதால்தான் படிப்பு போனது என்று நெடுநாள் நம்பினேன். அப்பா இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தது, அந்தப் பாவத்தில் பாதியைத் தன்மேல் போட்டுக்கொள்ளத்தான் என்றும் நினைத்திருந்தேன்.

அந்த வருஷத் தீபாவளிக்கு மாமா பலகாரத்தோடு வந்தார். வந்ததும் வராததுமாக லைப்ரரிக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அட்டையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாராம். போகவில்லை என்றதும் விட்டுவிட்டாராம். அபராதம் கிடையாது. என்னைக் காணோமே என்று கேட்டாராம். மாமா விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பிறகு கூடிப்போன ஒரு நாள் வாடகையை நீட்டியிருக்கிறார். அவர் வாங்கவில்லை.

“பாப்பா எடுத்த புக்கு, பாக்கிய பாப்பாவே வந்து குடுக்கட்டும்னுட்டாரு” என்றார் மாமா.

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை புத்தகம் எடுத்திருக்கிறேன், இதற்குப் போய் ஒரு மனுஷன் இப்படிக் கறாராக இருப்பாரா என்று மாமாவிடம் பொருமினேன். பொங்கலுக்குக் கடலூர் போனபோது அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். அடுத்த முறையும் அப்படித்தான். பிறகு ஒருநாள் தைரியம் வந்து போய்ப் பார்த்தபோது அங்கே செல்போனுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார்கள். முன்பு இருந்தவர் எங்கே போனார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இப்போதும் கடலூர் போனால் ஸ்டேஷனில் இறங்கி, பாலத்தில் நடந்து, அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன். எதையோ மறந்துவிட்ட மாதிரி இருப்பதால் பர்ஸைத் திறந்து சில்லறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். ஒரு ரூபாய் பாக்கி.