மைமூன் அக்கா கடையில் ஜோடி மாறவில்லை

போன மாதம் ஒரு காலை, காலண்டர் தாள் வெட்டும் மெஷின் சத்தத்துக்கு நடுவே என் கைபேசியில் 'மைமூன் அக்கா கடை' என்று பெயர் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர் கூப்பிடுவது வழக்கம்தான். எடுத்ததுமே, "என்னக்கா, கிரவுன் ஆயில் பாக்கச் சொல்லத்தானே கூப்பிட்டீக? பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றேன். அது பொய். மறுமுனையில் அவருடைய மகள் ஷமீமாவின் குரல் கேட்டது. "மாமா, அம்மா மௌத்தாயிட்டாக. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துருங்க." மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தாள் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

விருதுநகரில் லாரி உதிரிபாகம் விற்கும் கடைகளுக்குப் போகிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். கணவர் காலமான பிறகு கடையில் வந்து உட்கார்ந்தவர், இருபது வருடம் எழுந்திருக்கவில்லை. பட்டாசு லோடு ஏற்றும் லாரிகளின் கிரவுன், அதாவது எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரக் கூடு, அவருக்குக் கைப்பழக்கம். என்னைவிட நான்கு வயது இளையவர். கடைத்தெருவே அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணாச்சி என்றார். எங்களில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை.

நான் திருத்தங்கலில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருப்பவன். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு வந்த கிறுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார். கிட் கார் என்பார்கள். உதிரி உதிரியாக வாங்கி நாமே கூட்டிக்கொள்ளும் இரண்டு சீட்டு வண்டி. கோயம்புத்தூரில் ஒருவர் பாதி கூட்டி வைத்திருந்ததை வாங்கி வந்தேன். "பின்னச்சு வெளிநாட்டுப் பந்தயக் கார்ல உள்ளது" என்று அவர் சொன்னதை நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் ஓட்டிப் பார்த்தால் பின்னால் ஊளைச் சத்தம். கிரவுனோடு சேர்ந்த அந்தப் பின்னச்சு எந்தக் காருடையது என்று தெரிந்தால்தானே சாமான் வாங்க முடியும்? அதில் தகடும் இல்லை, நம்பரும் இல்லை.

வண்டியை இழுத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தவர், முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கச் சொன்னார். பின்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கச் சொன்னார். கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினார். அடுத்த சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. "சாதா கிரவுன்தான் அண்ணாச்சி. பந்தயத்துக்கு உள்ளதுன்னா ரெண்டும் ஒரே பக்கமா இழுக்கும்" என்றார். பிறகு டயரிலும் எஞ்சினிலிருந்து வரும் தண்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு, இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரே ஒரு சுற்று சுற்ற வைத்தார். தண்டு நான்கு சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியது.

எந்தக் காருடையது என்று அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் திறந்து பார்க்காமல் சொல்ல மாட்டார். நான் அவசரப்பட்டு அடித் திருகில் ஸ்பேனரை வைத்தபோது கையைத் தட்டிவிட்டார். "ஊத்துற வழி திறக்குதான்னு பாக்காம, இறக்குற வழியத் திறக்காதீக. மேல் திருகு துரு ஏறி மாட்டிக்கிச்சுன்னா வெறுங்கூட்ட வச்சுக்கிட்டு என்ன செய்வீக?" இதை அவர் எத்தனை டிரைவர்களிடம் சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். ஆயில் வடிந்ததும் மூடியைக் கழற்றி, முதல் பல்லில் சாக்பீஸ் வைத்து, தஸ்பீஹ் மணி உருட்டுவதுபோல ஒவ்வொரு பல்லாகத் தள்ளி எண்ணினார். பெரியதில் நாற்பத்தொன்று. சிறியதில் பத்து. "வெளிநாடெல்லாம் இல்ல அண்ணாச்சி. நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டுல நின்ன பழைய டாக்ஸி காரு" என்றார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. நானும் சிரித்துவிட்டேன்.

பற்கள் தேய்ந்திருந்தன. அவர் கடையிலேயே புதிய ஜோடி கிடைத்தது. பெரிய பல்சக்கரமும் சிறிய பல்சக்கரமும் சேர்த்தே செய்யப்பட்டவை. இரண்டிலும் ஒரே நம்பர் கொத்தியிருக்கும். ஒன்றை மாற்றி இன்னொன்றோடு போட்டால் ஊளைதான். "எங்கடையில இதுவரைக்கும் ஜோடி மாறினதில்ல" என்று சொல்லித்தான் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

மாட்டுவது நானே என்று பிடிவாதம் பிடித்தேன். பல் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க, பல்லில் ஏதாவது மை தடவிச் சுற்றி, எங்கே அழிகிறது என்று பார்க்க வேண்டும். அச்சகக்காரனுக்கு மைக்கா பஞ்சம்? நீல மையைத் தடவினேன். சுற்றினேன். பல்லைக் குனிந்து பார்க்க முதுகு ஒத்துழைக்காததால் காலண்டர் தாளை வெட்டிப் பல்லின் மேல் அழுத்தித் தடம் எடுத்தேன். அழகாக விழுந்தது. தடம் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. ஆகவே பல்லின் வெளிமுனையில் படுகிறது என்று முடிவு கட்டி, பக்கத்தில் கொடுத்திருந்த மெல்லிய வளையத் தகடுகளை இடம் மாற்றிப் பெரிய சக்கரத்தைச் சிறியதன் பக்கம் நெருக்கினேன். ஓட்டினால் முன்னைவிடப் பெரிய ஊளை. இன்னும் நெருக்கினேன். அதற்கு மேலும் ஊளை.

அந்தக் கோபத்தோடு நான் அக்கா கடைக்கு வந்த நாளை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். கடை நிறைய ஆள். "ஜோடி மாத்திக் குடுத்துட்டீக" என்றேன். அவர் நம்பரைக் காட்டச் சொன்னார். "நம்பர் என்ன நம்பர், யார் வேணாலும் கொத்தலாம்" என்று கத்தினேன். அதன் பிறகு சில வாரம் வாங்க வந்தவர்கள் நம்பரைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்களாம். ஒருவர் லென்சு கொண்டு வந்தாராம். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு பகலில் அக்கா பஸ் ஏறித் திருத்தங்கலுக்கே வந்துவிட்டார். "தண்ணி வேணாம். வண்டியக் காட்டுங்க" என்றார். ஆயிலை வடித்து, மூடியைக் கழற்றி, என் மையையே விரலால் தொட்டுப் பல்லில் தடவிச் சுற்றினார். தரையில் மண்டியிட்டு வெகுநேரம் பல்லைப் பார்த்தார். பிறகு சுவரில் நான் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க பல்லப் பாத்தீகளா, பேப்பரப் பாத்தீகளா?"

"பேப்பர்லதான் அம்புட்டுத் தெளிவா விழுந்திருக்கே."

அவர் தாளைப் பிய்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே முதுகுப்பக்கம் தெரியப் பிடித்தார். "இப்பச் சொல்லுங்க, எந்தப் பக்கம் இருக்கு?"

இடப்பக்கம். உள்முனை. பல்லிலிருந்து நேராகத் தாளில் எடுத்தால் தடம் கண்ணாடியில் தெரிவதுபோலப் பக்கம் மாறித்தானே விழும்! ஆஃப்செட்டில் பிளேட்டில் உள்ளபடியே தாளில் வரும். நடுவில் இருக்கும் ரப்பர் விரிப்பு ஒரு முறை திருப்பி வாங்கிக் கொடுத்துவிடும். முப்பது வருடம் அப்படியே பார்த்த கண் எனக்கு. எழுத்துகளை இடவலம் மாற்றிக் கோத்த லெட்டர் பிரஸ் காலத்து ஆள் யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். விலக்க வேண்டிய சக்கரத்தை நெருக்கி நெருக்கி ஊளையிட வைத்தது நான்தான்.

அன்று மாலைக்குள் தகடுகளைச் சரியான பக்கம் மாற்றினோம். மேல் துளையில் ததும்பி வழியும்வரை தொண்ணூறு நம்பர் ஆயில் ஊற்றினோம். ஊளை போய்விட்டது. நான் கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? எங்கன வச்சுச் சொன்னீகளோ, அங்கன வச்சுச் சொல்லுங்க. அது போதும்."

சொல்கிறேன் என்றேன். காலண்டர் சீசன் முடியட்டும் என்றிருந்தேன். பிறகு பொங்கல். பிறகு கடைக்குப் போனபோது அன்றைக்கு நின்றவர்கள் இல்லை என்று ஒரு சாக்கு. அவர்கள் இருந்த நாளிலோ வாய் வரவில்லை. இப்படியே மூன்று வருடம் போயிற்று. அக்கா ஒரு முறைகூடக் கேட்கவில்லை. ஆயில் பார்க்கச் சொல்லி மட்டும் கூப்பிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் ஷமீமாவையும் வரவழைத்து, ஒருவர் மாற்றி ஒருவராக ஏற்றி ஆனைக்குட்டம் அணைவரை ஓட்டிக் காட்டினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமே காதை வைத்திருந்தார். "கிரவுன்ல சத்தமே இல்ல. அண்ணாச்சி பேசுற சத்தம்தான்" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வசதியான நினைப்பு அது.

அடக்கத்துக்குப் போனேன். மையவாடிச் சுவருக்கு வெளியே, இருபது வருடமாக அவர் கடையில் சாமான் வாங்கிய லாரிக்காரர் ஒருவர் என் பக்கத்தில் நின்றார். நல்ல மனிதர். கண் கலங்கித்தான் சொன்னார்: "தங்கமான மனுசி அண்ணாச்சி. உங்களுக்கு அந்த ஒரு தடவ ஜோடி மாத்திக் குடுத்ததத் தவிர ஒரு குறை சொல்ல முடியாது."

"மாறல, மாறவே இல்ல" என்றேன். அதற்குள் கூட்டம் நகர்ந்துவிட்டது. என் சோம்பலும் வீம்பும் அந்தப் பெண்ணைக் குழிவரை தொடர்ந்து வந்திருக்கின்றன.

அதனால்தான் இந்தத் தாளை என் அச்சகத்தில் நானே அடித்திருக்கிறேன். கடை வாசலில் நின்று கொடுக்கலாமா என்று ஷமீமாவிடம் கேட்டேன். "குடுங்க மாமா. வாயாலயும் சொல்லிருங்க" என்றாள். இது உங்கள் கைக்கு வரும்போது நான் அந்தப் படியில், அன்றைக்குக் கத்திய அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

தாளின் பின்பக்கம் அந்த நீலத் தடத்தை அச்சடித்திருக்கிறேன். ஓரத்தில் தெரிவது மைமூன் அக்காவின் கட்டைவிரல் ரேகை. அன்று தாளைப் பிய்த்தபோது ஒட்டியது. அசல் என்னிடம் இருக்கிறது. அதை யாருக்கும் தர மாட்டேன். இந்த எழுத்துக்குக் கீழே வெற்றிடம் விட்டிருக்கிறேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இந்தப் பக்கமிருந்து பாருங்கள். அவர் எனக்குக் காட்டியது அப்படியே தெரியும்.

அவர் கடையில் ஜோடி மாறவில்லை. தப்பாகப் பார்த்தவன் நான்.